ஓடைக்கரையில் நின்ற கேரவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்கிற கதைகளை நம்புகிற ஆள் நானில்லை. இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினோரு வருடம் வேலை செய்தவன். வன்னிப் பக்கத்துக் குளக்கட்டுகளில், மாரி காலத்தில், தண்ணீர் மட்டம் பார்ப்பதற்காகத் தனியாகக் கொட்டிலில் படுத்திருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் அங்கே ஒன்று நிற்கிறது, இங்கே ஒன்று நடக்கிறது என்பார்கள், நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன், எருமை நிற்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இருக்காது. இப்போதும் நான் பெரிதாக மாறிவிடவில்லை, இந்த ஒரு விஷயத்தைத் தவிர. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்டுவிட்டு உள்ளுக்குள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜனவரி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நான் முதலில் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து, ஏவன்டேலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மரவீட்டை ரென்ட்டுக்கு எடுத்து, ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குளத்தைக் கட்டியவன் குழாயை அறுத்துக்கொண்டிருந்தேன், அது வேறு கதை. மனைவி புவனாவும் மகளும் பிறகுதான் வந்தார்கள், அவர்கள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு நாலு வயது. புவனாவுக்கு அப்போது ஆங்கிலம் என்றால் டெய்ரி என்கிற பக்கத்து மூலைக்கடையில் போய்ப் பாலைக் கையால் காட்டுகிற அளவுதான். பகல் முழுக்க ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்து அவள் வாடிப்போயிருந்தாள். என்னோடு வேலை செய்த கோவிந்தன் என்ற ஃபிஜிக்காரர்தான், ஜனவரிக் கடைசியில் வருகிற நீண்ட வார இறுதிக்கு மனைவி பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லித் தன்னுடைய கூடாரத்தையும் தந்தார்.

மேற்குக் கரையில், மலைக்காட்டைத் தாண்டி, கடற்கரைக்குச் சற்று உள்ளே இருந்தது, விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரம் அடிக்கிற அந்த முகாம். பெயரைச் சொல்லப் போவதில்லை, அதை மூடி வெகுகாலமாகிவிட்டது. சரளைக்கல் ரோட்டில் வளைந்து வளைந்து இறங்கினால் ஒரு புல்வெளி, நடுவில் குளியலறைக் கட்டடம், ஒரு தண்ணீர்க் குழாய், வாசலில் காரியாலயம் என்று ஒரு சின்ன மரக்கொட்டில். புல்வெளியின் ஒரு ஓரத்தில் மலையிலிருந்து வருகிற ஓடை. விடுமுறை என்றபடியால் எல்லா இடமும் நிறைந்துபோயிருந்தது. ஓடைக்கரை வரிசையின் கடைசியில், பதினேழாம் இலக்கம், அது ஒன்றுதான் மிச்சம் என்று முகாம் பொறுப்பாளர் சொன்னார். நான் போய் ஓடையைப் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. கரை என் இடுப்புக்கு மேலே இருந்தது. கரையோரமாக நடந்து, மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்து, நல்ல இடம் என்று முடிவு செய்து கூடாரத்தை அடித்தேன்.

கூடாரத்தை அடித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் பக்கத்தில் இருந்த கேரவனைக் கவனித்தேன். வெளிறிப்போன பச்சை நிறம். ஏறுவதற்கு மரப்படி. படிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உட்கார்ந்து, மடியில் எனாமல் கோப்பையை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மண்ணிறக் கம்பளிச் சட்டை, அரைக் காற்சட்டை. கை காட்டினேன், அவரும் காட்டினார். எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் உரித்துவிட்டு, இந்த இடத்தை விட்டு மாறிப்போ, தண்ணீர் வரும் என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு முகில் இல்லை. அவர் மலைப் பக்கம் தாடையைக் காட்டி, இங்கே இல்லை, அங்கே என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, இதைத் தூக்கு, அதை அடுக்கு என்பதோடு சரி, இப்போது என் தொழிலையும் ஒருவர் எனக்குச் சொல்லித் தருகிறார் என்று பட்டது. என் நாட்டில் நான் தண்ணீர் சம்பந்தமான உத்தியோகத்தில் இருந்தவன், பார்த்துத்தான் அடித்திருக்கிறேன் என்று சற்று மிடுக்காகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். திரும்பவும் பட்டாணியை எடுத்தார்.

தண்ணீர் பிடிக்கப் போனேன், குழாயடியில் நீண்ட வரிசை. இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால், புவனா அந்தக் கேரவன் படியில் உட்கார்ந்திருக்கிறாள். கிழவர் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், அவள் தலையாட்டுகிறாள், நடுவில் அவளும் ஏதோ சொல்கிறாள். பாவம், ஒன்றும் விளங்காமல் மரியாதைக்குத் தலையாட்டுகிறாள் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"இஞ்சேருங்கோ, டென்ட்டைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

"இஞ்சை தண்ணி வருமாம். பிள்ளையோட இஞ்சை படுக்கேலாது."

"அந்தாள் என்னட்டயும் சொன்னவர். நான் பாத்துட்டன். ஒரு தண்ணியும் வராது."

"நீங்கள் கழட்டாட்டி நான் கழட்டுறன்."

சொல்லிவிட்டுக் குனிந்து வெறுங்கையால் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். கல்யாணம் முடித்த ஆறு வருடத்தில் அவள் இப்படி என்னை எதிர்த்ததில்லை. சுற்றியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கத்தில் நானும் சேர்ந்து கழற்றினேன். குளியலறைக் கட்டடத்துக்குப் பின்னால், மேட்டில், சரிவான ஒரு மூலை இருந்தது. கழிவறை நாற்றம் அடிக்கும். அங்கே அடிக்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். உங்கள் விருப்பம், அந்தப் பதினேழைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

சூரியன் இறங்குகிற நேரம் ஒரு சின்ன ஆரஞ்சு நிறக் கார் வந்தது. ஒரு பையனும் பெண்ணும், இருபது இருபத்தொரு வயது இருக்கும். பொறுப்பாளர் பதினேழைக் காட்டிவிட்டார். அந்தப் பையன் மேட்டுக்கு ஏறி என்னிடம் வந்தான். பெயரைச் சொல்ல மாட்டேன், அவனுடைய ஆட்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நீங்கள் அந்த இடத்தை விட்டு வந்தீர்களாமே, அங்கே ஏதாவது பிரச்சினையா என்று மரியாதையாகக் கேட்டான்.

இதை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவர் தண்ணீர் வரும் என்றார், என் மனைவி பயந்துவிட்டாள், அதனால் வந்தோம் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி சொன்னதைக் கேட்டுக் கழிவறைக்குப் பின்னால் வந்து கிடக்கிறவன் என்று அவன் நினைப்பானே என்று. ஒரு பிரச்சினையும் இல்லை, தண்ணீர்ச் சத்தத்தில் என் மனைவிக்குத் தூக்கம் வராது, அதனால்தான், அது நல்ல இடம், நான் நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவன் என்று சொன்னேன். அவன் சிரித்து, அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். புவனா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. அவர்கள் கூடாரம் அடித்தார்கள், அடுப்பை மூட்டினார்கள். கேரவன் யன்னலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. கிழவர் நாற்காலியை அவர்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அவருக்கு முன்னால் இரண்டு மூன்று தடவை போய் வந்தாள், ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிற வயதானவருக்கு ஒரு ஹலோ கூடச் சொல்வதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். எங்களிடம் அவ்வளவு அக்கறையாகச் சொன்ன மனிதர் அவர்களிடம் ஏன் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் படுத்தபோது தூறல் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் மலை இருந்த பக்கம் அடிக்கடி மின்னி வெளித்தது.

விடியும்போது ஒரு சத்தம் கேட்டு எழும்பினேன். லாரியில் இருந்து சல்லிக்கல்லைக் கொட்டுகிற மாதிரி, ஆனால் கொட்டி முடியாமல் தொடர்ந்து கேட்கிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், குளக்கட்டு ஒன்று உடைந்தபோது ஒருதரம் கேட்டிருக்கிறேன். வெளியே ஓடினேன். ஓடை இருந்த இடமே தெரியவில்லை. மண் நிறத் தண்ணீர், முழு மரங்கள் வேரோடு உருண்டு வருகின்றன, கீழ் வரிசையில் நெஞ்சளவுக்குப் பாய்கிறது. மற்றக் கூடாரக்காரர்கள் சத்தத்துக்கு எழும்பிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். கடைசி இடம்தான் முதலில் அடிபட்டது. பதினேழு இருந்த இடத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணைக் கீழே வெகுதூரத்தில், வாள் மாதிரி இலை நீண்ட ஃபிளாக்ஸ் புதருக்குள் பிடித்துக்கொண்டு கிடக்கக் கண்டு, நாலு பேர் கயிறு கட்டி இழுத்தெடுத்தார்கள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. பையனை அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் கத்திக்கொண்டே இருந்தேன், கேரவனில் ஒரு கிழவர் இருக்கிறார், கேரவனைப் பாருங்கள் என்று. கடற்கரை உயிர்காக்கும் படையில் இருந்து வந்தவர்கள் என் பேச்சை நம்பி இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் பையனைத் தேட, பாதிப் பேர் கேரவனைத் தேடினார்கள். கேரவன் என்றால் சின்னச் சாமானா, எங்கேயாவது ஒரு சக்கரம், ஒரு தகரம் அகப்பட வேண்டாமா. மூன்று மணித்தியாலம் தேடி ஒன்றும் அகப்படவில்லை. மத்தியானம் அளவில் பையனின் உடல் மட்டும் கடற்கரையில் கிடைத்தது. எல்லாரும் ஒரே பக்கமாகத் தேடியிருந்தால் முன்னரே கிடைத்திருக்குமா, உயிரோடு கிடைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் பிறகு டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பொறுப்பாளர் பதிவுக் கொப்பியைக் கொண்டுவந்து விரித்து, பதினேழுக்குப் பக்கத்தில் எந்தக் கேரவனும் இல்லையே, நீ எதைச் சொல்கிறாய் என்று கேட்டார். அவருடைய முகாமில் இருந்த கேரவன்கள் எல்லாம் மேல் வரிசையில், எல்லாம் அப்படியே நின்றன. நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. பதினேழுக்கு அப்பால் இரண்டு எட்டு, அதற்குப் பிறகு கரைதான், கரையில் பழைய மரத்து வேர்கள் அப்படியே இருந்தன, வெள்ளம் அறுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு சைக்கிளை நிறுத்தலாம். கேரவன் நிற்க இடமே இல்லை. முதல் நாள் மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தேன் என்றேனே, அந்த வேர்களுக்கு மேலேதான் நடந்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த வேர்களை நான் அடையாளம் கண்டேன்.

காரியாலயக் கொட்டிலில் பொலீஸ்காரர் ஒருவர் எங்களை உட்கார வைத்து எழுதினார். நல்ல மனிதர். அந்தப் பெண்ணிடம் கேட்டாயிற்று, தங்களுக்குப் பக்கத்தில் புல்லும் ஓடையும்தான், யாருமே இல்லை என்கிறாள் என்றார். நானும் என் மனைவியும் பார்த்தோம், என் மனைவி அவரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்றேன். சரி, அவளிடம் கேள், அவர் என்ன சொன்னார் என்றார். கேட்டுச் சொன்னேன். தண்ணீர் வரும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போ என்று சொன்னாராம் என்றேன். அவர் எழுதிக்கொண்டே, உன் மனைவிக்குத்தான் ஆங்கிலம் தெரியாதே, எப்படி விளங்கிக்கொண்டாள் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை, பாருங்கள். அவரிடம் இருந்துதான் வந்தது. புவனாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"அவர் சொன்னது உனக்கு எப்பிடி விளங்கினது?"

"ஏன், தமிழிலதானே கதைச்சவர்."

"ஆர்?"

"அந்த மனுசன்தான். உங்களோடயும் தமிழில கதைச்சிருப்பார் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"வெள்ளைக்காரன் புவனா. அவன் என்னெண்டு தமிழ் கதைக்கிறது? கதைச்சாலும், நீ அதிசயப்படேல்லையோ?"

அவள் யோசித்தாள். "அப்ப அது வித்தியாசமாத் தெரியேல்லை," என்றாள். "எங்கட ஊர்க்காரர் கதைக்கிற மாதிரித்தான் இருந்தது. எட்டு மாதத்தில உங்களைத் தவிர ஒருத்தர் இருந்து என்னோட ஆறுதலாக் கதைச்சது அண்டைக்குத்தான்."

என்ன சொல்கிறாள் என்று பொலீஸ்காரர் கேட்டார். கையால் காட்டிச் சொன்னாராம், அதைப் பார்த்து விளங்கிக்கொண்டாளாம் என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் பொய் அந்த ஃபைலில் இப்போதும் இருக்கும்.

சில மாதம் கழித்து மரண விசாரணை நடந்தது. கேரவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இடம் நல்ல இடம் என்று பையனிடம் நான்தான் சொன்னேன் என்பதை மட்டும் எழுந்து நின்று சொன்னேன். முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் தகப்பனோடு நின்றாள், கையில் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. நீங்கள் என்ன செய்வீர்கள், உங்களுக்குத் தெரியாதுதானே என்றாள். அவளுடைய தகப்பன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பார்த்ததுதான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதோடு நானும் புவனாவும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். ஏவன்டேலை விட்டு மனுகாவ் பக்கம் வந்தோம், மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கினோம், மகள் படித்து வேலைக்குப் போனாள். புவனா ஆங்கிலம் படித்து முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடம் வேலை செய்தாள். எத்தனையோ வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறாள், சோறு ஊட்டியிருக்கிறாள். அவளை அது ஒன்றும் செய்யவில்லை, நான்தான் தேவையில்லாமல் மனதைப் போட்டு உழப்புகிறேன் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அந்த மனுசன் தண்ணி வரும் எண்டு மட்டும் சொல்லேல்லை."

எந்த மனுசன் என்று நான் கேட்கவில்லை.

"இருக்கப் போறியளோ, எழும்பப் போறியளோ எண்டு கேட்டவர். எழும்புறம் எண்டன். நீங்கள் எழும்பினா வேற ஆக்கள் வருவினம், அது பரவாயில்லையோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"பிள்ளை புல்லுக்கை இருந்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் பிள்ளையைப் பாத்தன். பரவாயில்லை எண்டன்."

பேப்பரை மடித்து வைத்தேன்.

"அந்தப் பெடியன் வந்து உங்களிட்டக் கேக்கேக்க நான் பக்கத்திலதானே நிண்டனான்," என்றாள். "அவன் என்ன கேக்கிறான், நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு பாஷை தெரியாட்டியும் எனக்கு விளங்கினது. நான் வாய் திறக்கேல்லை."

அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். கடைசியில், அதற்குப் பிறகு அவர் வேறு ஏதாவது சொன்னாரா என்றுதான் கேட்டேன்.

"பிறகென்ன. நீங்கள் வாளியோட வாறதைக் கண்டிட்டு, 'சரி பிள்ளை, அப்ப நான் போட்டு வாறன்' எண்டார்."

"நீ?"

"வேற என்ன சொல்லுறது. ஓம், போட்டு வாங்கோ எண்டன்."

எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் வாசலில் நின்று போட்டு வாறம், போய்விட்டு வருகிறோம், என்று சொன்னால் புவனா பதிலுக்குப் போட்டு வாங்கோ என்று சொல்வதில்லை. தலையைக்கூட ஆட்ட மாட்டாள், உள்ளே போய்விடுவாள். இத்தனை வருடமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறாள், பக்கத்திலேயே இருந்த நான் ஒரு நாளும் கவனித்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். திமிர் பிடித்தவள் என்று எங்கள் ஆட்கள் சிலர் பின்னால் கதைப்பதும் எனக்குத் தெரியும்.